இடாப்பில் ஒரு பெயர்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், 2000ஆம் ஆண்டு க.பொ.த. சாதாரண தர வகுப்பின் சார்பில் வைத்தியரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நூறு ஆண்டுகளின் வரலாற்றை எங்களுக்கு முன் பேசிய மூத்த அக்காமார் அழகாகச் சொல்லிவிட்டார்கள். நூறு ஆண்டென்றால் முந்நூறு தவணைகள். அவற்றில் ஒரேயொரு தவணையைப் பற்றி மட்டும் பேசலாம் என்று எங்கள் வகுப்புத் தோழிகள் கூடி முடிவு செய்தோம். அது 2000ஆம் ஆண்டின் மூன்றாம் தவணை. செப்டெம்பரில் தொடங்கி டிசெம்பரில் சாதாரண தரப் பரீட்சையோடு முடிந்த தவணை. எங்களுக்கு அப்போது பதினாறு வயது.

ஏன் மூன்றாம் தவணை என்று கேட்பீர்கள். முதலாம் தவணையில் விளையாட்டுப் போட்டி இருக்கிறது. இரண்டாம் தவணையில் தமிழ்த்தினப் போட்டி இருக்கிறது. மூன்றாம் தவணையில் மழை, பரீட்சை, தீபாவளிச் செலவு, அட்டைக்கடி. ஆனால் தோட்டத்திலிருந்து படிக்க வரும் ஒரு பிள்ளை பாடசாலையில் நிலைப்பாளா, நின்றுவிடுவாளா என்பது பெரும்பாலும் இந்தத் தவணையில்தான் தீர்மானமாகிறது. ஜனவரியில் புதிய இடாப்பு திறக்கும்போது யாருடைய பெயர் அதில் இல்லையோ, அவள் உண்மையில் ஒக்டோபரிலோ நவம்பரிலோ போனவள்.

இங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரிந்த கதைதான் என்றாலும், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டி வந்திருக்கும் அக்காமாருக்காகச் சிறிது பின்னால் போகிறோம். பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். தெமோதரையில் பாதை தன்னைத் தானே சுற்றி இறங்கும் அந்த வளைவையும், எல்லவுக்கு அருகே ஒன்பது வளைவுப் பாலத்தையும் கடந்து வந்து, மலைநாட்டுப் பாதை நம் ஊரில் முடிகிறது. ரயில் வந்தது தேயிலைக்காக. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப் பெயர் உண்டு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வறண்டு வீசும்போது பறிக்கும் கொழுந்துக்கு வரும் மணம் வேறு எந்தக் காலத்திலும் வராது. அந்தக் கொழுந்தைப் பறித்த கைகள் எங்கள் பாட்டிமாருடையவை, அம்மாமாருடையவை.

அந்தப் பாட்டிமாரின் படிப்பைப் பற்றிச் சட்டம் பேசாமல் இல்லை. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் பாடம் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமாரிடம் கொடுத்தது. பல இடங்களில் அது ஒற்றை அறை, ஒற்றை ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு. 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் நாடு முழுவதும் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகங்களின் கீழேயே இருந்தன. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் அவை படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. ஹாலிஎலவுக்கு அருகே ஊவா கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த தெளிவத்தை ஜோசப், ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியரின் மகன். மலையக இலக்கியத்தின் பெரிய பெயர்களில் ஒன்று, அப்படியொரு ஒற்றை அறையின் பக்கத்திலிருந்து புறப்பட்டது.

ஆகவே, ஐந்தாம் வகுப்பைத் தாண்டிப் படிக்க வேண்டுமென்றால் ஒரு பெண்பிள்ளைக்கு மலையிலிருந்து இறங்கி டவுனுக்கு வருவதைத் தவிர வழியில்லாமல் இருந்தது. மடுல்சீமை, பசறை, லுணுகலை, நமுனுகுலை, ஸ்பிரிங்வெலி, அப்புத்தளை, பூனாகலை என்று பல திக்கிலிருந்தும் வந்தோம். பஸ் உள்ளவர்கள் சீசன் டிக்கட்டோடு வந்தார்கள். பஸ் இல்லாத தோட்டத்துப் பிள்ளைகள் விடுதியில் சேர்ந்தார்கள்.

விடுதி வாழ்க்கையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த மண்டபத்தில் எங்களை மன்னிக்க மாட்டீர்கள். காலை நாலரைக்கு மணி. கண்ணைத் திறக்காமலே வாளியைத் தூக்கிக் கொண்டு வரிசை. லயத்தில் பீலித் தண்ணீரின் குளிருக்குப் பழகிய எங்களுக்கு, பதுளைத் தண்ணீர் வெந்நீர் மாதிரி. மேலே ஐயாயிரம் அடியில் கம்பளிக்குள் சுருண்டு கிடந்த பிள்ளைகள், இரண்டாயிரத்துச் சொச்சம் அடியில் உள்ள பதுளைக்கு வந்து "வெக்க தாங்கல" என்று புலம்புவார்கள். ஐந்து மணிக்குப் படிப்பு. ஆறரைக்குப் பாணும் பருப்பும், இல்லையென்றால் பாணும் சம்பலும். சனிக்கிழமை கஞ்சி. வெள்ளிக்கிழமை சைவம் என்று சொல்வார்கள். மற்ற நாள்களிலும் பெரும்பாலும் சைவம்தான், சொல்ல மாட்டார்கள்.

சப்பாத்துக்கு வெள்ளைக் களிம்பு தீர்ந்த நாள்களில் வகுப்பறைச் சோக்குக் கட்டி உதவியது. ஒருத்திக்கு வீட்டிலிருந்து மாவு உருண்டை வந்தால் அது முப்பது துண்டானது. தமிழ்ப் பாடத்தில் கெட்டிக்காரி கணிதத்தில் கெட்டிக்காரிக்குக் கட்டுரை எழுதிக் காட்டுவாள், பதிலுக்கு வீச்சுக்கணிதம் கற்றுக்கொள்வாள். சிங்களப் பாடத்துக்கு எங்கள் நல்ல ஆசிரியை வகுப்பில் இல்லை, சமையலறையில் இருந்தார். வெங்காயம் உரித்துக்கொண்டே அந்தச் சிங்கள ஆன்ட்டி எங்களிடம் கதை கேட்பார், நாங்கள் பிழையாகச் சொன்னால் சிரித்துத் திருத்துவார். இன்று வைத்தியசாலை விடுதிகளில் நோயாளிகளோடு தடையின்றிப் பேச முடிகிறதென்றால் அந்தச் சமையலறைக்கு நன்றி.

செப்டெம்பர் அப்படிப் போனது. இடாப்பில் எங்கள் வகுப்பில் முப்பத்தெட்டுப் பெயர்கள்.

ஒக்டோபர் 10ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தல். அந்த வாரம் முழுவதும் ஊரில் ஒரே ஒலிபெருக்கிச் சத்தம், படிப்பு ஓடவில்லை. பிறகு மழை தொடங்கியது. அந்த ஆண்டு தீபாவளி 26ஆம் திகதி வியாழக்கிழமை. 25ஆம் திகதி காலையில் பெட்டிகளைக் கட்டி வைத்துக்கொண்டு, தலையை வாரி, ரிப்பன் கட்டி, வீட்டுக்குப் போகத் தயாராக விடுதித் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம்.

அன்று காலை பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவவில், புனர்வாழ்வு முகாமில் இருந்த தமிழ் இளைஞர்கள் ஒரு கும்பலால் கொல்லப்பட்டார்கள். செய்தி பதுளைக்கு வந்தபோது கேட் மூடப்பட்டது. பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகளை மட்டுமல்ல, யாரையுமே வெளியே விடவில்லை. கடைகள் மூடப்படும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. 1983 ஜூலையில் பதுளை எரிந்ததைப் பார்த்த மேட்ரன் அம்மா எங்களிடம் எதையும் விவரிக்கவில்லை. ஜன்னல்களை அடைத்துவிட்டு, "எல்லாரும் புத்தகத்த எடுங்க" என்றார். அன்று யாரும் எதையும் படிக்கவில்லை. ஆனால் எல்லோர் மடியிலும் ஒரு புத்தகம் இருந்தது.

மறுநாள் விடுதியில் தீபாவளி. எண்ணெய் வைத்துக் குளித்தோம். புது உடுப்பு வீடுகளில் இருந்தது, நாங்கள் சீருடையில் இருந்தோம். விடிய முன்பே வரும் பேக்கரி மாத்தயா அன்றும் அதே நேரத்துக்கு வந்தார். பாணோடு ஒரு பெட்டி பணிஸ் கூடுதலாக இருந்தது. அதை அவர் கணக்குக் கொப்பியில் எழுதவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் அந்த வாரத்தின் உண்மை கிடைக்காது.

பாதைகள் திறந்ததும் அப்பாமார் வந்தார்கள். சிலர் பாதித் தூரம் நடந்தே வந்திருந்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நவம்பர் முதல் வாரத்தில் வகுப்பு மீண்டும் தொடங்கியபோது எட்டுப் பேர் வரவில்லை.

இங்கே இடாப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். தோட்டத்தில் 'பேர்' என்றால் வெறும் பெயரல்ல, ஒரு நாள் சம்பளம். காலையில் பெரட்டுக்களத்துக்குப் போய்ச் செக்ரோலில் பேர் விழுந்தால்தான் அன்றைக்குக் காசு. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். வீட்டில் இன்னும் ஒரு பேர் விழுந்தால் கடைக்கடன் கொஞ்சம் குறையும். பதினாறு வயது மகள் வீட்டில் இருக்கிறாள். டவுனுக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது. தீபாவளிக்கு வாங்கிய முற்பணம் மாதச் சம்பளத்தில் வெட்டுப்படுகிறது. மழைக்குத் தம்பிக்குச் சளி, அம்மா மலைக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்குப் பிள்ளை தேடுகிறார்கள் என்று ஒரு தரகர் லயத்துப் பக்கம் வந்து போகிறார். இவ்வளவும் ஒரே மாதத்தில் வரும். பாடசாலை இடாப்பும் தோட்டத்துச் செக்ரோலும் ஒரே பெயரை இரண்டு பக்கத்திலும் பிடித்து இழுக்கும் மாதம் அது. பெற்றவர்களுக்குப் படிப்பின் அருமை தெரியவில்லை என்று சொல்வது சுலபம். எங்கள் வீடுகளில் அந்த அருமை தெரியாத ஒருவரையும் நாங்கள் பார்த்ததில்லை. கணக்குத்தான் உதைத்தது.

அந்த எட்டுப் பேருக்காக இந்தப் பாடசாலை என்ன செய்தது என்பதைத்தான் இந்த மலரில் பதிய வேண்டும் என்று நினைக்கிறோம். எங்கள் வகுப்பாசிரியை சனிக்கிழமைகளில் இடாப்பைப் பையில் வைத்துக்கொண்டு மலையேறினார். விடுதி மாணவத் தலைவியும் எங்களில் ஒருத்தியும் துணைக்குப் போவோம். பசறைக்கு ஒரு பஸ், அங்கிருந்து மடுல்சீமைக்கு ஒரு பஸ், பிறகு குறுக்குப் பாதை. அட்டைக்குப் பயந்து காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு நடப்போம். டீச்சரின் சேலைக் கரையில் சேறு முழங்கால் வரை ஏறியிருக்கும்.

ஒரு லயத்து வாசலில் நடந்த பேச்சு எங்கள் காதில் இன்னும் இருக்கிறது. தோழியின் அப்பா சொன்னார்: "டீச்சரம்மா, புள்ளைய படிக்க வைக்க எங்களுக்கு மட்டும் ஆச இல்லையா? ரோட்டுல ஏதும் ஒண்ணு ஆச்சுன்னா யாருகிட்ட போயி கேக்குறது?" டீச்சர் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. பயப்பட இருந்தது, அவருக்கும் தெரியும். "விடுதியிலயே வச்சுக்குறேங்க. பரீட்சை முடியிற வரைக்கும் கேட்டுக்கு வெளிய விடமாட்டேன். முடிஞ்ச அன்னைக்கு நானே கொண்டாந்து விடுறேன்" என்றார். பிறகு சொன்னார்: "பெரட்டுக்குப் பிந்தினா அரைப்பேராவது போடுவாங்க. பரீட்சைக்குப் பிந்தினா அரைப்பேரும் இல்லீங்க." அந்த அப்பா சிரித்துவிட்டார். தோழி அன்றே எங்களோடு இறங்கி வந்தாள்.

இன்னொரு தடை அடையாள அட்டை. சாதாரண தரப் பரீட்சை மண்டபத்துக்குள் போக தேசிய அடையாள அட்டை வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். லயத்தில் பிறந்த பிள்ளைகளில் சிலருக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை. சிலருக்கு அதில் பெயர் பிழை. வீட்டில் ஒரு பெயர், பாடசாலையில் ஒரு பெயர், சான்றிதழில் பதிவாளர் காதில் விழுந்த பெயர். அந்த நாளில் எங்கள் பெற்றோரில் சிலருக்கே குடியுரிமை தீராத கேள்வியாக இருந்தது. 1948ஆம் ஆண்டின் சட்டம் பறித்ததை முழுமையாகத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. எங்கள் அதிபரின் அறையில் பின்னேரங்களில் விண்ணப்பப் படிவங்கள் நிரப்பப்பட்டன. ஓர் எழுத்துப் பிழைக்காக ஒரு பிள்ளையின் அப்பா மூன்று நாள் பேரை இழந்து கச்சேரிக்கு அலைந்தார். அந்த எழுத்து சரியாகி வந்தது பரீட்சைக்கு ஒன்பது நாள் முன்பு.

டிசெம்பரில் பரீட்சை எழுதியவர்கள் முப்பத்தைந்து பேர். எட்டில் ஐந்து பேர் திரும்பி வந்தார்கள். மூன்று பேர் வரவில்லை.

திரும்பி வந்த ஐவரில் ஒருத்தி இன்று தோட்டப் பாடசாலையொன்றின் அதிபர். ஒருத்தி தாதி உத்தியோகத்தர். ஒருத்தி ரொறன்ரோவிலிருந்து இன்று இந்த முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள், எழுந்து நில் என்றால் அடிப்பாள். மற்ற இருவரும் உயர்தரம் போகவில்லை. ஆனால் சாதாரண தரச் சான்றிதழ் கையில் இருந்ததால் ஒருத்திக்குத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவிலும், மற்றவளுக்கு டவுனில் ஒரு கடைக் கணக்கிலும் வேலை கிடைத்தது. அதுவும் வெற்றிதான். நாங்கள் நூற்றாண்டு மலர்களில் வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணி என்று பட்டியல் போடும்போது இந்த இரண்டு பேரையும் விட்டுவிடக் கூடாது.

வராத மூவரில் ஒருத்தி மடுல்சீமைப் பக்கத்தில் கொழுந்து எடுக்கிறாள். அவளுடைய மகள் இந்தப் பாடசாலையில் படிக்கிறாள். இன்னொருத்தி கொழும்பில் வீட்டு வேலைக்குப் போய், பிறகு மத்திய கிழக்குக்குப் போய், உழைத்துத் தம்பியைப் படிக்க வைத்தாள். மூன்றாமவள் எங்கே என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. முப்பத்தேழு பேரும் தேடினோம். இந்த மலர் எந்த மூலைக்காவது போய் அவள் கையில் கிடைத்தால், உன் இடம் ஜன்னலோரம் இரண்டாவது வாங்கு, இன்னும் ஞாபகம் இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறோம்.

எங்களில் வைத்தியத்துறைக்குப் போனவர்கள் இதை வேறொரு பக்கத்திலிருந்தும் பார்க்கிறோம். பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்ற ஏற்பாடு இருந்தது. பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் பதுளையும் ஒன்று. அந்தப் படி எங்களுக்கு உதவியது. ஆனால் எந்த ஒதுக்கீடும் உயர்தரப் பரீட்சை எழுதியவளுக்குத்தான் உதவும். பதினோராம் தரத்தில் நின்றுபோனவளை அது எட்டாது. தமிழ் மொழிமூலம் விஞ்ஞானம் படிப்பிக்க ஊவாவில் ஆசிரியர் போதாமல் இருப்பதும் பழைய கதை, இன்னும் முடியாத கதை.

வைத்தியக் கண்ணால் பார்த்தால், மூன்றாம் தவணையில் பிள்ளைகள் நிற்பதற்கு உடம்பும் ஒரு காரணம். ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை வகுப்பில் தூங்கி விழுகிறாள், மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறது, படித்தது நிற்கவில்லை என்கிறாள். 'சோம்பேறி' என்று சொல்லிவிடுவோம். பல தடவை அது இரத்தச்சோகை. சோறும் பாணும் பருப்பும் வயிற்றை நிரப்பும், இரும்புச்சத்தைப் போதிய அளவு தராது. மாதவிடாயில் இரத்தம் போகிறது. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் சாயத்தண்ணீர் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைக் குறைக்கிறது. தேயிலை நாட்டுப் பிள்ளைகளிடம் தேநீரை விடச் சொல்ல மாட்டோம். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள், போதும். வல்லாரை, முருங்கையிலைச் சுண்டலோடு எலுமிச்சம்புளி சேருங்கள், கிடைக்கும்போது நெத்தலி, முட்டை. பாடசாலையில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையையும் பூச்சி மருந்தையும் ஜன்னலுக்கு வெளியே எறியாதீர்கள். எங்கள் காலத்தில் அந்த ஜன்னலுக்கு வெளியே இருந்த பூச்செடி மிகச் செழிப்பாக வளர்ந்தது.

வெள்ளைச் சீருடையும் மாதவிடாயும் என்ற விஷயத்தை மேடையில் பேசுவதா என்று எங்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. பெண்கள் பாடசாலையின் நூற்றாண்டு விழாவில் பேசாவிட்டால் வேறெங்கே பேசுவது? மழைக்காலத்தில் துணி காயாது. காயாத துணியோடு, வெள்ளைச் சீருடையோடு, இரண்டு மணித்தியாலம் பஸ்ஸில் நிற்பதைவிட வீட்டில் நிற்பது மேல் என்று ஒரு பிள்ளை முடிவு செய்வாள். மாதத்தில் மூன்று நாள் அப்படிப் போனால் தவணையில் பத்து நாளுக்கு மேல். பிறகு பாடம் பிடிபடாது, பிறகு வர வெட்கம். விடுதியில் ஒரு அக்கா தன் பெட்டியில் எப்போதும் கூடுதலாக ஒரு பொதி வைத்திருப்பார். யார் எடுத்தார்கள் என்று கேட்க மாட்டார். அந்த அக்காவும் இப்போது இந்த மண்டபத்தில் இருக்கிறார்.

இன்று நிலைமை மாறவில்லையா என்றால், நிச்சயமாக மாறியிருக்கிறது. 1998 முதல் கட்டாயக் கல்வி வயது 5 முதல் 14 வரை என்று இருந்தது. 2016இல் அது 16 ஆக உயர்ந்தது. எங்கள் காலத்தில் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை நின்றால் சட்டம் கேட்காது. இன்று கேட்கும். 1996இல் ருபெல்லா தடுப்பூசி வந்தபோது நாங்கள் வரிசையில் நின்று அழுதோம். 2017 முதல் ஆறாம் தரப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான எச்.பி.வி. தடுப்பூசி பாடசாலையிலேயே போடப்படுகிறது. எங்கள் அம்மாமாரில் சிலரைக் கொண்டுபோன நோய் அது. ஆனால் இரண்டு ஊசிக்கும் இடையில் ஆறு மாதம். முதல் ஊசி போட்ட பிள்ளை இரண்டாவதற்குப் பாடசாலையில் இருக்க வேண்டும். இடாப்பில் பெயர் இருப்பது பாடப் புத்தகத்துக்கு மட்டுமல்ல, உயிருக்கும் தேவைப்படுகிறது என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் எங்களுக்குத் தெரியாது.

இன்னொன்றையும் ஊவாக்காரர் நாம் மறக்க மாட்டோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அதுவும் ஒரு மூன்றாம் தவணை. அன்று காலை பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் தப்பினார்கள். அவர்களில் சிலருக்குத் திரும்பிப் போக வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் பாடசாலைகள்தான் முதலில் அவர்களுக்குக் கூரையாகின. மலைநாட்டில் பாடசாலை என்பது பல நேரம் கடைசியாக மிஞ்சும் சுவர்.

ஆகவே எங்கள் வகுப்பு இந்த நூற்றாண்டில் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறது. நினைவுத்தூண் வேண்டாம், இன்னொரு வெற்றிக்கிண்ணம் வேண்டாம். மூன்றாம் தவணையை நாம் பொறுப்பெடுப்போம்.

முதலாவது, செப்டெம்பரில் ஒரு நாள் சங்கத்தின் வைத்தியர்களும் தாதிமாரும் வந்து மாணவிகளின் இரத்தத்தையும் கண்பார்வையையும் பரிசோதிப்போம். இதற்கு எங்கள் வகுப்பு பொறுப்பு. இரண்டாவது, பத்தாம் தரம் தொடங்கும்போதே பிறப்புச் சான்றிதழ்களைப் பார்த்து, பிழை இருந்தால் அந்த ஆண்டே திருத்த ஆள் வைப்போம். நம்மில் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், பிரதேச செயலகங்களில் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவது, தீபாவளி விடுமுறைக்குப் பின் ஒரு வாரம் வராத பிள்ளைகளின் பெயர்களை அதிபரின் அனுமதியோடு வகுப்பாசிரியையிடம் வாங்கி, இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போவோம். புத்திமதி சொல்ல அல்ல. என்ன தடை என்று கேட்க. பஸ் காசா, சப்பாத்தா, தம்பியைப் பார்க்க ஆளில்லையா, பயமா? கேட்டால் பாதிக்கு அங்கேயே வழி பிறக்கும். மீதிக்குத்தான் பணம் வேண்டும்.

பணத்தைக் கடல் கடந்த அக்காமார் தருவீர்கள் என்று தெரியும், எப்போதும் தந்திருக்கிறீர்கள். சனிக்கிழமைகளை இங்கே இருக்கும் நாங்கள் தருகிறோம். டீச்சர் நடந்த பாதையில் இப்போது பல இடங்களுக்கு முச்சக்கரவண்டி போகிறது. சேலைக் கரையில் அவ்வளவு சேறு படாது.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எங்களுக்காக மலையேறிய வகுப்பாசிரியை இன்று இந்த மேடைக்கு வர மறுத்துவிட்டார். "பெயர் ஒண்ணும் சொல்லக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னதால் சொல்லவில்லை. மேட்ரன் அம்மா இப்போது இல்லை. அவர்களைப் போன்ற பலர் இந்த நூறு ஆண்டுகளிலும் இங்கே இருந்திருக்கிறார்கள், ஒவ்வொரு வகுப்பும் தன் தன் டீச்சரை இப்போது மனதில் நினைத்திருக்கும். அவர்கள் எல்லோருக்கும் எங்கள் வகுப்பின் வணக்கம்.

பின்வரிசைத் தங்கைமாரே, அடுத்த வாரம் உங்கள் மூன்றாம் தவணை தொடங்குகிறது. பக்கத்து வாங்கு இரண்டு நாள் காலியாக இருந்தால் டீச்சரிடம் சொல்லுங்கள். அது கோள் சொல்வதல்ல.